டிரை ரைசர்: அடுக்குமாடி வாசிகள் செய்யக்கூடாத தவறுகள்

சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்தூக்கிக்குப் பக்கத்திலோ படிக்கட்டு ஓரத்திலோ கீழிருந்து உச்சிவரை ஒரு தடித்த குழாய் போகும். தளத்துக்குத் தளம் அதில் ஒரு திருகு சக்கரம், ஒரு பித்தளை வாய். அதுதான் தீயணைப்புக்கான டிரை ரைசர். அதற்குள் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற தவறுகள் பலவும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

உண்மையில் அது காலிக் குழாய். தீயணைப்பு வண்டி வந்து, ஹைட்ரண்டிலிருந்து (தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய்) தண்ணீரை எடுத்து, தன் பம்ப்பால் தரைத்தளத்து இணைப்பு வாய்க்குள் செலுத்தினால்தான் நீர் மேலே ஏறும். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றவே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் போய்விடும். அதனால்தான் குடியிருப்புத் தளங்களின் உயரம் 60 மீட்டரைத் தாண்டினால் வெட் ரைசர் வைக்கவேண்டும் என்கிறது தீப் பாதுகாப்பு விதி. அதற்குச் சொந்தத் தொட்டியும் பம்ப்பும் உண்டு. குழாயில் எப்போதும் நீர் இருக்கும்.

சரி, தீயைக் கண்ட பதற்றத்தில் 4ஆம் மாடியில் ஒருவர் ஓடிப்போய் டிரை ரைசரின் சக்கரத்தைத் திருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொட்டுத் தண்ணீர்கூட வராது. அவர் அப்படியே திறந்து போட்டுவிட்டுப் படியிறங்கிவிடுவார். பத்து நிமிடம் கழித்து வண்டியிலிருந்து நீர் ஏறும்போது, அந்த 4ஆம் மாடி வாய் வழியாகவே கொட்டித் தீர்க்கும். 11ஆம் மாடியில் ஹோஸ் குழாயைப் பிடித்து நிற்கும் வீரருக்கு அழுத்தம் கிடைக்காது. யாராவது கீழே ஓடி அந்தச் சக்கரத்தைத் தேடி மூடும்வரை அவர் புகைக்குள் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாகத் திருகிவிட்டுப் போனாலும் இதே கதிதான். அந்தச் சக்கரம் தீயணைப்பாளர்களுக்கு மட்டுமே உரியது. சக்கரத்தைச் சுற்றி வார் கட்டியிருந்தால் அதை அவிழ்க்காதீர்கள்.

“தீ பிடிச்சா மேல் வீட்டுலதானே, நம்ம மாடியில செருப்பு ராக் இருந்தா என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. தீயணைப்பாளர்கள் பெரும்பாலும் எரியும் தளத்து ரைசர் வாயிலேயே ஹோஸ் குழாயை மாட்டுவதில்லை. கீழ்த்தளத்தில் மாட்டி, நீரோடு படியேறிப் போவார்கள். ஆக, எரியாத உங்கள் தளத்து வாய்தான் அவர்களுக்கு வேண்டியதாக இருக்கலாம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியே தள்ளும் பழைய மெத்தையும், குழாயோடு சேர்த்துப் பூட்டிய சைக்கிளும், முன்னால் வரிசை கட்டிய கறிவேப்பிலைத் தொட்டிகளும் அந்த நேரத்தில் உயிருக்கு உலை வைக்கும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுவிட்டோம் என்று திருப்திப்படாதீர்கள்; டிரை ரைசரின் முன்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கட்டும்.

தரைத்தள இணைப்பு வாயைக் குப்பைத் தொட்டியாக்குவது இன்னொன்று. மூடி கழன்றிருந்தால் சிகரெட் துண்டு, பானக் குவளை என்று எதையாவது திணித்துவிடுகிறார்கள். நீரோடு அது மேலே ஏறி, வீரர் கையில் இருக்கும் ஹோஸ் குழாயின் நுனியான நாசிலை அடைத்துக்கொள்ளும். அந்த இணைப்பு வாய்க்கு எதிரே “ரெண்டே நிமிஷம்” என்று வேனை நிறுத்துவதும் இதே வகைதான்.

பித்தளைக்கு விலை இருப்பதால் திருட்டும் நடக்கிறது. 2025 ஜூலையில் தோ பாயோ லோரோங் 8இல் ஒரு புளோக் தீப்பற்றியபோது, டிரை ரைசரின் சில பாகங்கள் காணாமல் போயிருந்ததால் நீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. மூடி, சக்கரம், பித்தளை வாய் எது இல்லாவிட்டாலும் “நகர மன்றம் பார்த்துக்கொள்ளும்” என்று கடந்து போகாதீர்கள். அவர்களுக்கு அழையுங்கள், அல்லது குடியிருப்புப் பகுதிப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு அனுப்புங்கள். புளோக் எண், மாடி, எந்த மின்தூக்கிப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். நீளமான புளோக்குகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ரைசர்கள் இருக்கும்.