வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது வேலையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி

பல வருடம் மனிதவளத் துறையில் இருந்தேன். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். கைக்குழந்தைக்காரர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா அம்மாவைக் கவனிப்பவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். வரும்போது பலர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. "சார் வாயாலயே சரின்னு சொன்னாரு" என்பார்கள். அந்த சார் மாற்றலாகிப் போயிருப்பார். அதனால் நான் சொல்வதில் பாதி காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும்.

இது பெண்கள் விஷயம் என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் கொண்டுவந்த 156-ஆவது உடன்படிக்கை ஆண், பெண் இருவருக்கும் பொது. குழந்தைகளோடு, கவனிப்பு தேவைப்படும் நெருங்கிய குடும்பத்தினரையும் அது கணக்கில் எடுக்கிறது. குடும்பப் பொறுப்பை மட்டுமே காரணமாக வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அதன் 8-ஆவது பிரிவு. ஆனால் அதை உங்கள் மேலாளரின் மேசையில் போட்டால் அவர் அசைய மாட்டார். உடன்படிக்கை கட்டுப்படுத்துவது அதை ஏற்றுக்கொண்ட அரசுகளைத்தான். உங்களுக்குக் கை கொடுப்பது உங்கள் நாட்டுச் சட்டம். மகப்பேறு, பாகுபாடு, பணிநீக்கம் என்று மூன்று தலைப்பிலும் தேடுங்கள். அதற்கும் முன்னால் நியமனக் கடிதத்தையும் நிறுவனத்தின் விடுப்பு விதிகளையும் படியுங்கள். சட்டத்தில் இருப்பதைவிட அதிகமாகவே சில நிறுவனங்கள் விதியில் எழுதி வைத்திருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். என்னிடம் வரும் வரைவுகளில் முக்கால்வாசி, கஷ்டத்தைச் சொல்லி மன்றாடுபவை. "தயவுகூர்ந்து என் நிலைமையைப் புரிந்துகொள்ளுமாறு" என்று முடியும். புரிந்துகொண்டோம் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் விட அது வசதி. என்ன மாற்றம், எந்த நாள், எத்தனை மணி, எதுவரை, உங்கள் வேலை எப்படி நடக்கும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்ற ஆறு விவரம் இருந்தால் போதும். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் ஒருவருக்கு நான் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

"என் தந்தைக்குச் செவ்வாய், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ் நடக்கிறது. அந்த இரு நாள்களில் காலை 9 மணிக்குப் பதில் 12 மணிக்குப் பணிக்கு வந்து, இரவு 9 மணி வரை பணிபுரிய அனுமதி கோருகிறேன். இந்த ஏற்பாடு ஆறு மாதத்துக்கு. காலை அறிக்கையை முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுவேன். வரும் 20-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். நோயின் முழு வரலாறு வேண்டாம். மருத்துவச் சான்று கேட்டால் நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். கடிதத்தை மெயிலில் அனுப்பி, உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போடுங்கள். அலுவலக மெயிலில் மட்டும் இருந்தால், வேலை போகும் அன்று கணக்கையும் முடக்கிவிடுவார்கள். வாடிக்கையாளர் விவரம், கம்பெனிக் கணக்கு போன்றவற்றை அப்படி அனுப்பக் கூடாது. அதுவே உங்கள்மேல் குற்றச்சாட்டாக மாறும்.

பதில் வாய்மொழியாக வந்தால் அன்றே ஒரு வரி எழுதுங்கள்: "இன்று பேசியபடி, மார்ச் இறுதி வரை இந்த நேரமாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மாறுபாடு இருந்தால் தெரிவிக்கவும்." மறுக்காமல் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. தேதி போட்ட கடிதம் கோப்பில் ஏறிவிட்டால், பதில் சொல்லாமல் விடுவது நிர்வாகத்துக்குத்தான் தலைவலி என்பது மனிதவளத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

'முடியாது' என்றால் ஏன் என்று கேளுங்கள். சில நாடுகளில் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நேரமாற்றக் கோரிக்கைக்கு 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கோரலாம். கூடுதல் செலவு, ஆள் பற்றாக்குறை போலச் சட்டம் பட்டியலிட்ட எட்டுத் தொழில் காரணங்களில் ஒன்றையாவது காட்டித்தான் மறுக்க முடியும். உங்கள் ஊரில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதில் தவறில்லை. காரணத்தை எழுத வேண்டும் என்றதும் பல மறுப்புகள் 'பார்க்கலாம்' ஆகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

நேரடியாக 'உனக்குக் குழந்தை இருக்கிறது, போ' என்று யாரும் எழுத மாட்டார்கள். அது வேறு பெயரில் வரும். மூன்று வருடம் 'நன்று' வாங்கியவருக்கு, விடுப்பு கேட்ட அடுத்த அப்ரைசலில் 'மேம்பட வேண்டும்'. தொலைவான கிளைக்குத் திடீர் மாற்றல். பள்ளி விடும் நேரத்தில் புதிதாக ஒரு தினசரிக் கூட்டம். இங்கே முக்கியம் தேதி வரிசை. பழைய அப்ரைசல்கள், கோரிக்கை போன நாள், குறை சொல்லி மெமோ வந்த நாள் மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். உங்கள் வழக்கறிஞரோ தொழிற்சங்கமோ முதலில் கேட்கப்போவது அதைத்தான். மெமோவுக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். கோபத்தில் நாலு பக்கமும் வேண்டாம். குற்றச்சாட்டுக்குக் குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி.

மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்புபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு 183-ஆவது உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் விடுப்பு, அதே பதவி அல்லது அதே சம்பளத்தில் இணையான பதவி, பாலூட்டச் சம்பளத்தோடு இடைவேளை என்று வரையறுக்கிறது. கர்ப்பகாலத்திலோ விடுப்பிலோ நீக்கினால், அதற்கும் பிரசவத்துக்கும் தொடர்பில்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடத் தாராளமாகவும் இருக்கலாம். விடுப்புக்குப் போகும் முன் உங்கள் பதவிப் பெயர், பொறுப்புகள், யார் யார் உங்களுக்குக் கீழே என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயரை விட்டுவைத்து வேலையை மட்டும் உருவிவிடுவது பழைய வித்தை.

"இப்போ ராஜினாமா கொடுங்க, ஆறு மாசம் கழிச்சு எடுத்துக்கிறோம்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்குப் பணிநீக்கப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. அந்த இடத்திலேயே முடிவு சொல்லாமல் "வீட்டில் கலந்துவிட்டு எழுத்தில் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், நீக்கிவிட்டால் கெடு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற பணிநீக்க மனுவுக்கு 21 நாள்தான். வேறு நாடுகளில் வேறு கணக்கு. சமாதானம் பேசுகிறோம் என்று நிர்வாகம் இழுத்தடிக்கும்போதும் அந்த நாள்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் வாரத்திலேயே கெடுவை விசாரித்து மனுவைப் போட்டுவிடுங்கள், பேச்சு அதன் பாட்டுக்கு நடக்கட்டும்.