உளவியல் ஆனர்ஸ்: சேருமுன் பார்க்க வேண்டியது

பிரிட்டனில் உளவியல் ஆனர்ஸ் படிக்க விண்ணப்பிப்பவர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரோடு நின்றுவிடாமல், தாங்கள் சேரவிருக்கும் அந்தக் குறிப்பிட்ட பட்டப்படிப்புக்கு பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ளதா என்பதைச் சங்கத்தின் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. தனி உளவியல் பட்டத்திற்கு அது இருந்து, வேறொரு பாடத்தோடு இணைந்த கூட்டுப் பட்டத்திற்கு இல்லாமலும் போகலாம். அங்கீகாரம் பெற்ற பட்டத்தில் குறைந்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவிலாவது தேறி, இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்திலும் வெற்றி பெற்றால், மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சி போன்றவற்றுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் பட்டதாரித் தகுதி கிடைக்கும். அந்த ஆய்வில் பலரைத் தடுமாற வைப்பது புள்ளியியல்தான் (உளவியலில் கணக்கே வராது என்று நம்பி வருபவர்களும் உண்டு). ஆகவே முதலாண்டிலேயே, ஐம்பது பேரின் விடைகள் கொண்ட ஒரு சிறு தரவுத்தாளை எடுத்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனையை ஜமோவி என்னும் இலவச மென்பொருளில் தாமே செய்து பழகலாம்.