பேசாத படத்துக்கு வாய் கொடுப்பது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் நான். மாசக் கடைசி ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெரு மண்டபத்துப் பந்திக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய படம் போடுகிறோம். பேசாத படமென்றால் துணிக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்பது என் வேலை. புது வேலை ஒன்றுமில்லை. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். கோவை வெரைட்டி ஹால் ரோட்டுக்குப் பேர் வரக் காரணமான கொட்டகையை 1914-ல் கட்டியவரும் அவர்தான். அந்தக் காலத்துக் கொட்டகைகளில் டைட்டில் கார்டை, அதாவது காட்சிக்கு நடுவில் பேச்சை எழுதிக் காட்டுகிற அட்டையை, படித்துச் சொல்ல ஓர் ஆள் நிற்பது வழக்கம்.

உங்கள் ஊரிலும் செய்யலாம். 1926-ல் யூனிவர்சல் கம்பெனி எடுத்த ‘தி கோஹென்ஸ் அண்ட் கெல்லீஸ்’ படத்தை வைத்துச் சொல்கிறேன். ஆரன் ஹாஃப்மன் எழுதிய ‘டூ பிளாக்ஸ் அவே’ நாடகத்திலிருந்து வந்த படம். நியூயார்க்கில் ஏழைகள் பகுதியில் பக்கத்துப் பக்கத்து வீடு. கோஹென் யூதர், துணி யாவாரம். கெல்லி ஐரிஷ்காரர், போலீஸ். பெண்டாட்டிமார், பொடியன்கள், நாய்கள் வரைக்கும் பகை. கோஹென் மகளும் கெல்லி மகனும் மட்டும் யாருக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

முதலில் வேகத்தைப் பாருங்கள். அப்போதெல்லாம் நொடிக்கு 16 ஃபிரேமிலிருந்து 24 வரை இஷ்டத்துக்கு ஓட்டினார்கள். ஆயிரம் அடி ரீல் 16-ல் ஓடினால் பதினாறு நிமிஷம் நாற்பது நொடி வரும், 24-ல் பதினொன்றுதான். பிரதியில் ஆள் நடப்பது கோழி விரட்டுகிற மாதிரி இருந்தால் பிளேயரில் வேகத்தை 0.85-க்குக் குறையுங்கள். நடை சரியானால் போதும்.

அடுத்து உரிமை. நம் சட்டப்படி படத்துக்கு 60 வருஷம், இதற்கு அது எப்போதோ முடிந்தது. பிரதியில் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கும். சத்தத்தை அணைத்துவிட்டு பஜனைக் கோஷ்டியிலிருந்து ஆர்மோனியக்காரரைக் கூப்பிடுங்கள்.

இனி நோட்டு. இடது பக்கம் கார்டு, வலது பக்கம் நம் பேச்சு. இங்கேதான் கை நின்றுபோகும். இங்கிலீஷில் தாத்தா என்றால் ஒரே வார்த்தை. நம் பக்கம் அப்படி விடுவார்களா? அந்த ஜோடிக்குப் பிறக்கிற குழந்தைக்கு, அம்மாவைப் பெற்ற கோஹென் அப்புச்சி, அப்பாவைப் பெற்ற கெல்லி அப்பாரு. இதைச் சொன்னதும் கூடத்தில் பாதிப் பேருக்கு முறை புரிந்துவிடும், மீதிக் கதையை அவர்களே சொல்வார்கள். ‘நீ’, ‘நீங்க’ இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒரே ‘யூ’தான். போனில் இரண்டு பேரும் கத்துகிற இடத்தில் நான் ‘ஏண்டா’ என்றுதான் சொல்வேன். அந்த ‘டா’வைக் கடைசி வரை இழுக்கக் கூடாது. எங்கே விடுவது என்று கீழே சொல்கிறேன்.

கோஹெனை நம்மூர்க்காரர் ஆக்காதீர்கள். பேர், ஊர், மதம் எல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும். பாட்டி முறையாகிற ஒருத்தர் சொத்து வந்ததும் பெரிய வீடு வாங்கி அலட்டுகிற இடத்தில் சிலர் மூக்கால் பேசி, கருமி மாதிரி இழுத்துக் கேலி செய்வார்கள். எனக்குப் பிடிக்காது. வக்கீல் வந்து, “சொத்து நியாயப்படி கெல்லிக்குச் சேரணும், பங்கு குடுத்தா வாயைத் திறக்க மாட்டேன்” என்கிறான். கோஹென் அவனை அப்படியே விட்டுவிட்டு மழையில் நடந்து கெல்லி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். முன்னால் அவரைக் கருமியாகப் பேசிவிட்டால் இந்த மழை வீணாகிவிடும்.

இந்த இடத்தில் நான் பட்டது ஒன்று உண்டு. முதல் தடவை மழைக் காட்சி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தேன். தர்மம், நியாயம் என்று நாலு வரி சொந்தச் சரக்கு வேறு. முன் வரிசையில் ஓர் அம்மா திரும்பி, “கண்ணு, செத்த சும்மா இரு, நாங்க பாத்துக்கறோம்” என்றார். அன்றிலிருந்து கோஹென் வக்கீலை விட்டுக் கிளம்பியதும் மைக்கை இடுப்புக்கு இறக்கிவிடுவேன். சொல்லிவிட்டு அவர் தலைகுனிந்து திரும்பும்போது கெல்லிக்கு ஒரே வரி: “உள்ள வாங்க சம்பந்தி.” படம் முழுக்க அந்த வார்த்தையை அதுவரை சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். ‘டா’ போய் ‘வாங்க’ வருகிற இடமும் இதுதான்.

‘ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்’ என்ற நாடகம் எழுதிய ஆன் நிக்கல்ஸ், தன் கதையை எடுத்துவிட்டார்கள் என்று இந்தப் படத்தின் மேல் வழக்குப் போட்டார். 1930-ல் நீதிபதி லெர்னட் ஹேண்ட், சண்டைக்கார அப்பன்களும் ரகசியக் கல்யாணமும் யாருக்கும் பட்டா போட்ட சொத்தல்ல என்கிற மாதிரி தீர்ப்பெழுதினார். இடைவேளையில் சொன்னால் வக்கீல் குமாஸ்தாக்கள் ரசிப்பார்கள், மற்றவர்கள் டீக்குப் போய்விடுவார்கள்.

கடைசிக் காட்சிக்குத் தயாரிப்பே வேண்டாம். இரண்டு பேரும் சொத்தைப் பாதிப் பாதியாக்கி, போதையில், சேர்ந்து கம்பெனி தொடங்கப் பேசுகிறார்கள். பேரில் தன் பேர்தான் முன்னால் என்று கோஹென் அடம். எங்கள் கூடத்தில் பார்ட்னர்ஷிப் போட்டவர்களும் பிரிந்தவர்களும் பாதிக்குப் பாதி. நான் கார்டைப் படிக்குமுன்னே சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்து போர்டு எழுதுகிற பெயின்டர் ஒருத்தர் மட்டும் கேட்டார்: “ஏனுங்க, ரெண்டு பேரையும் ஒரே சைசுல எழுதலாமுங்களா?”