பத்தாம் வகுப்புக் கணக்கில் கவனம்: ஒன்ராறியோவுக்குப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு

ஊரில் சாதாரண தரம் எழுதி, பெறுபேறு வந்த பிறகுதான் பிரிவு என்ற பேச்சே வரும். கணிதமா, உயிரியலா, வணிகமா, கலையா என்று வீட்டில் எல்லாரும் கூடிப் பேசுவோம், ரியூட்டரி வாத்தியாரிடம் கேட்போம், மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்ராறியோவில் அப்படி ஒரு பரீட்சையும் இல்லை, பெறுபேறு வருகிற நாளும் இல்லை. குளிர்காலத்தில், பெரும்பாலும் பெப்ரவரியை ஒட்டி, பிள்ளை அடுத்த வருடத்துப் பாடங்களைக் கணினியில் தெரிவு செய்யும், நீங்கள் ஒரு கையெழுத்துப் போடுவீர்கள். பிள்ளை பின்னால் பொறியியல் படிக்கலாமா, தாதியியல் படிக்கலாமா என்பதெல்லாம் அந்தக் கையெழுத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்கு அழுத்திச் சொல்லமாட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

பள்ளியில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. குடிவரவுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வீட்டு முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி அட்டை, ஊர்ப் பள்ளித் தேர்ச்சி அறிக்கை, இவ்வளவுதான். பிறந்த ஆண்டை வைத்து வகுப்பு. 14 வயது நிறைகிற ஆண்டில் பிள்ளை 9ஆம் வகுப்புக்குப் போகும். பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயத்துக்கு 30 கிரெடிட் (பெரும்பாலும் ஒரு பாடம் சித்தியடைந்தால் ஒரு கிரெடிட்), 40 மணி நேரத் தொண்டு வேலை, 10ஆம் வகுப்பில் ஒரு எழுத்தறிவுத் தேர்வு. பெரும்பாலான பள்ளிகளில் ஒரு அரையாண்டில் நான்கு பாடங்கள். இதெல்லாம் பள்ளியே தாளில் அடித்துத் தரும், தலையைப் போட்டு உடைக்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பாடக் குறியீடு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து எழுத்து கொண்ட ஒரு குறியீடு இருக்கும். நாலாவது இடத்தில் இருக்கும் இலக்கம் வகுப்பைக் காட்டும்: 1 என்றால் 9ஆம் வகுப்பு, 2 என்றால் 10, 3 என்றால் 11, 4 என்றால் 12. ஐந்தாவது எழுத்துத்தான் உயிர். 10ஆம் வகுப்பில் அது 'டி' என்றால் அகடமிக், அதாவது கோட்பாட்டோடு ஆழமாகப் படிக்கிற பிரிவு; 'பி' என்றால் அப்ளைட், அதாவது நடைமுறைப் பயன்பாட்டை வைத்துப் படிக்கிற பிரிவு. 11லும் 12லும் 'யூ' பல்கலைக்கழகத்துக்கு, 'சி' கொலிஜுக்கு, 'எம்' இரண்டுக்கும் பொது, 'இ' நேரே வேலைக்கு. கொலிஜ் என்று இங்கே சொல்வது செனெக்கா, சென்டெனியல் மாதிரி, முக்கியமாக டிப்ளோமாவும் தொழிற்பயிற்சியும் கொடுக்கிற இடங்களை.

9ஆம் வகுப்பில் இப்போது பிரிவு கிடையாது. கணக்கில் 2021இலும் மற்றப் பாடங்களில் 2022இலும் அதை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் ஒன்றாக இருந்து ஒரே கணக்கைப் படிப்பார்கள். அதனால் பெற்றோர் பயமில்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த வருடமே பாதை பிரிகிறது. 10ஆம் வகுப்பு அகடமிக் கணக்கு 'எம்பிஎம்2டி', அப்ளைட் கணக்கு 'எம்எஃப்எம்2பி'. 11ஆம் வகுப்பின் 'எம்சிஆர்3யூ' என்ற பங்ஷன்ஸ் (சார்புகள்) பாடத்துக்கு முன்பாடம் எம்பிஎம்2டி மட்டும்தான். அப்ளைட்டில் 98 எடுத்தாலும் அந்தக் கதவு தானாகத் திறக்காது. பங்ஷன்ஸ் இருந்தால்தான் 12இல் நேரே அட்வான்ஸ்ட் பங்ஷன்ஸ் பாடமான 'எம்எச்எஃப்4யூ'வும் அதோடு கல்குலஸ் (நுண்கணிதம்) பாடமான 'எம்சிவி4யூ'வும் எடுக்கலாம். வாட்டர்லூ பல்கலைக்கழகப் பொறியியலுக்கு இந்த இரண்டு கணக்கும், பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம் எல்லாமே 4யூவாக வேண்டும். விஞ்ஞானமும் இப்படித்தான்: 10இல் 'எஸ்என்சி2டி' எடுக்காத பிள்ளைக்கு 11இல் 3யூ இரசாயனமோ பௌதிகமோ கிடைக்காது.

என் சிநேகிதி ஒருத்தியின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தை மாதம் வந்து ஸ்காபரோவில் இறங்கியது. மகன் கணக்கில் வலு கெட்டிக்காரன், ஊரில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. ஆங்கிலம்தான் வராது. இங்கே அவனுக்கு ஆங்கிலத் தேர்வு வைத்து ஈஎஸ்எல் வகுப்பில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிற வகுப்பில் போட்டார்கள், அது சரி. அதோடு, "பிள்ளை ஆங்கிலம் பிடிக்கும் வரைக்கும் கணக்கும் விஞ்ஞானமும் அப்ளைட்டில் இருக்கட்டும், மன அழுத்தம் இருக்காது" என்று அன்பாகச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆசிரியர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத வளர்ப்பு நம்முடையது. அவள் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மகன் தொண்ணூறுக்கு மேலே எடுத்து வந்தான், வீட்டில் பாயாசம் வைத்தார்கள். 11ஆம் வகுப்பில் கொலிஜ் பிரிவுக் கணக்கு வந்தது, அதிலும் நல்ல புள்ளி. அந்த வருடம் முடிகிற நேரம் அவன் பொறியியல் என்று வாயைத் திறந்த பிறகுதான், 10ஆம் வகுப்புக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் திரும்பப் படித்து வா என்றார்கள். வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன வருடத்தில் இவன் பள்ளிக்கூடத்திலேயே இருந்தான். இருபடிச் சமன்பாட்டை ஊரிலேயே கரைத்துக் குடித்த பிள்ளை, ஐயா! அவனுடைய கணக்கை ஒருவரும் சோதிக்கவில்லை, ஆங்கிலத்தை வைத்தே கணக்கையும் முடிவு செய்துவிட்டார்கள்.

அதனால் முதல் சந்திப்பிலேயே, கணக்கைத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல கல்விச் சபைகள் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கணக்குத் தேர்வு வைக்கின்றன, அது உங்கள் பிள்ளைக்கும் நடந்ததா, எவ்வளவு வந்தது, அந்தத் தேர்வின் கேள்விகளை வாசித்து விளங்கப் பிள்ளைக்கு உதவி இருந்ததா என்று விசாரியுங்கள். ஊரில் இருந்து வரும்போது பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள் வையுங்கள். அரசாங்கத் தமிழ்ப் பாடநூலும் ஒன்று இருந்தால் நல்லது. எம்பிஎம்2டியில் வருவது இருபடி, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம், திரிகோணகணிதம். நம்முடைய சாதாரண தரப் புத்தகத்தில் இவை பெரும்பாலும் இருக்கின்றன. பாடத் தெரிவுக்கு வழிகாட்டுகிற கைடன்ஸ் கவுன்சலருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சமன்பாட்டுக்கு மொழி வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்து காட்டினால் விளங்கும். ஈஎஸ்எல் படிக்கிற பிள்ளை அதே நேரத்தில் அகடமிக் கணக்குப் படிக்கலாம். யாராவது முடியாது என்றால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். அதிலே மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. இங்கே கேட்கிற பெற்றோரைத்தான் அக்கறையுள்ளவர்கள் என்று பார்க்கிறார்கள்.

ஈஎஸ்எல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டாய ஆங்கிலக் கிரெடிட் நான்கில் மூன்று வரைக்கும் ஈஎஸ்எல்லால் நிரப்பலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு 'இஎன்ஜி4யூ' வேண்டும், அதைச் சுற்றிப் போக வழி இல்லை. 16 வயதில் வருகிற பிள்ளை என்றால், 4யூ ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த அரையாண்டில் எந்தப் படி என்று வந்த மாதமே எழுதி வையுங்கள்.

ஏற்கனவே அப்ளைட்டில் மாட்டிக் கொண்டவர்கள் மனம் உடைய வேண்டாம். ஜூலை மாதச் சம்மர் ஸ்கூலில் எம்பிஎம்2டி எடுக்கலாம், கல்விச் சபையே நடத்துவதை எடுங்கள், அது இலவசம். முன்பாடம் இல்லாமல் அடுத்த பாடத்தில் சேர்க்கும்படி பெற்றோர் அதிபரிடம் கேட்கவும் உரிமை இருக்கிறது. முடிவு அவருடையது, ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். 'எம்சிஎஃப்3எம்' என்று 11இல் ஒரு நடுப் பாடம் உண்டு, அப்ளைட் பிள்ளையும் அதற்குப் போகலாம். அதிலிருந்து 12இல் கொலிஜ் தொழில்நுட்பக் கணக்கு எடுத்து, பிறகு எம்எச்எஃப்4யூவுக்கு ஏறவும் வழி இருக்கிறது. சுற்றுப்பாதைதான், அந்தத் தொழில்நுட்பக் கணக்கு எல்லாப் பள்ளியிலும் நடப்பதும் இல்லை. ஐந்தாவது வருடம் இருந்து படிப்பதில் வெட்கம் என்ன? ஊரில் உயர்தரம் மூன்று தரம் எழுதி கம்பஸ் போனவர்கள் நம் குடும்பங்களில் இல்லையா?

காசுக்குக் கிரெடிட் தருகிற தனியார் இடங்களின் விளம்பரம் தமிழ்க் கடை வாசல்களில் தொங்கும். அங்கே ஓடாதீர்கள். எங்கே எடுத்தாய், ஏன் வெளியே எடுத்தாய் என்று விண்ணப்பத்திலேயே கேட்கிற துறைகள் இருக்கின்றன. அங்கே கிடைக்கிற உயர்ந்த புள்ளியோடு முதல் வருடக் கல்குலஸில் போய் விழுகிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதுவது எல்லாப் பிள்ளையும் பொறியியலாளராக வேண்டும் என்பதற்காக இல்லை. என் பெறாமகன் ஒருவன் மின்வேலை படித்தான், பள்ளியில் இருக்கும்போதே தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் முதலில் வீடு வாங்கியவன் அவன்தான். அவன் விரும்பிப் போனான். விருப்பம் கேட்காமல், ஆங்கிலம் வராத ஒரே காரணத்துக்காக அந்தப் பக்கம் தள்ளுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

கையெழுத்துப் போட முதல் உதவிக்கு ஆள் வேண்டும் என்றால், பல பள்ளிகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான குடியேற்ற உதவியாளர்கள் வருவார்கள், ஸ்விஸ் (SWIS) என்று சொல்வார்கள், கட்டணம் இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் பேசுகிறவர்களையும் காணலாம். அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கவுன்சலரைச் சந்திக்கும்போது மொழிபெயர்க்க ஆள் தரச் சொல்லியும் கேட்கலாம். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், தனக்குச் சங்கடமான பகுதியை அது விட்டுவிடும். அப்புறம், சனிக்கிழமைத் தமிழ் கிரெடிட் வகுப்பு உங்கள் சபையில் இருந்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். 30இல் ஒன்றாக அதுவும் எண்ணப்படும், ஆங்கிலத்தில் தடுமாறி வாய் மூடியிருக்கிற பிள்ளை வாரத்தில் ஒரு நாளாவது வகுப்பில் கை உயர்த்திப் பேசும்.