46-க்கு ஒரு ஆர்விஜி: புதிதாகச் சேர்ந்த டென்டல் அசிஸ்டென்டுக்கு

பல் கிளினிக்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே டாக்டர் குரல் கொடுப்பார்: "46-க்கு ஒரு ஆர்விஜி எடுத்துடும்மா." ஆர்விஜி என்பது பிலிம் இல்லாமல், வாய்க்குள் சென்சார் வைத்துக் கம்ப்யூட்டரில் பார்க்கும் பல் எக்ஸ்ரே. அந்த ஒரு படத்தை ஒரே தடவையில் சரியாக எடுப்பது எப்படி என்று பார்ப்போம். படம் சரியில்லாமல் இரண்டாவது தடவை எடுத்தால், நோயாளிக்குத் தேவையே இல்லாத கதிர்வீச்சு இன்னொரு பங்கு போகிறது. முதல் சில படங்களை டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள்.

பல்லின் எண்ணைப் படியுங்கள். 46-ல் 4 என்றால் கீழ்த்தாடையின் வலது பக்கம். 6 என்றால் நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல். வலது என்பது நோயாளியின் வலது. எதிரே நிற்கும் நமக்கு அது இடது கைப்பக்கம் தெரியும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

கேளுங்கள். சமீபத்தில் வேறு எங்காவது எக்ஸ்ரே எடுத்தார்களா? பெண்கள் என்றால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்காமல் உள்ளே அழைத்து மெதுவாகக் கேளுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு அவர் முடிவுக்குக் காத்திருங்கள். கண்ணாடி, கழற்றி மாட்டும் பல்செட் இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்யுங்கள். நோயாளியின் பெயர், பல் எண், கதிர் விடும் நேர அளவு எல்லாவற்றையும் முதலில் போடுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு முன்பல்லைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம், குழந்தைக்குக் குறைவு. சென்சார் தயார் என்று திரையில் வந்த பிறகே பட்டனைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் மட்டும் போகும், படம் வராது.

சென்சாரை வையுங்கள். இங்கேதான் கைப்பழக்கம் வேண்டும். புது உறை மாட்டி, நோயாளி கடித்துப் பிடிக்கும் ஹோல்டரில் படுக்கைவாட்டில் பொருத்துங்கள். வயர் இல்லாத தட்டையான முகம் பல்லைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையின் உள்பக்கச் சதை மிக மென்மையானது. சென்சாரை நேராக அழுத்தினால் யாராக இருந்தாலும் துள்ளிவிடுவார்கள். நாக்கைத் தளர்த்தச் சொல்லி, நாக்கை ஒட்டினாற்போல் சாய்த்து இறக்குங்கள். அப்புறம் "மெதுவா கடிங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே நிமிர்த்துங்கள். கடிக்கக் கடிக்க அந்தச் சதை தளரும், வலியும் குறையும். குமட்டினால் மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள்.

கோனை, அதாவது எக்ஸ்ரே கருவியில் கதிர் வெளிவரும் குழாயைச் சேருங்கள். ஹோல்டர் வளையத்தோடு கோனின் வாய் ஒட்டி நிற்க வேண்டும். கோன் விலகினால் படத்தின் ஓரம் வெறுமையாகிவிடும். பக்கவாட்டில் திரும்பினால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும். செங்குத்துக் கோணம் அதிகமானால் வேர் குட்டையாகவும், குறைந்தால் நீளமாகவும் வரும்.

விலகி நில்லுங்கள். சுவரோ தடுப்போ இருந்தால் அதன் பின்னால் போங்கள். இல்லையென்றால் குறைந்தது ஆறடி தூரம், கதிர் போகும் திசைக்கு 90 முதல் 135 டிகிரி கோணத்தில். நம்மீது வருவது பெரும்பாலும் நோயாளியின் முகத்தில் பட்டுச் சிதறும் கதிர். இரண்டடியில் நிற்பவர் ஆறடிக்கு விலகினால் அது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இதற்குக் காசு செலவில்லை, நாலு எட்டு நடந்தால் போதும்.

சென்சாரை விரலால் பிடித்துக்கொண்டு மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். நான் சேர்ந்த புதிதில், ஹோல்டரைக் கடிக்க முடியாத ஒரு பாட்டிக்காக அப்படிப் பிடித்தேன். அந்த கிளினிக்கில் அது வழக்கமாகவே இருந்தது, தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பிறகுதான் சி. எட்மண்ட் கெல்ஸ் பற்றிப் படித்தேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர், 1896-லேயே எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கியவர். பல் கிளினிக்கில் முதன்முதலாகப் பெண் உதவியாளரை வைத்தவர் என்றும் இவரைத்தான் சொல்வார்கள். கதிரில் கையைக் காட்டிக்காட்டியே அவர் விரல்களில் புற்றுநோய் வந்தது. அறுவைமேல் அறுவை செய்தும் தீராமல், 1928-ல் இறந்தார். அன்று ஆபத்து தெரியாது, நமக்குத் தெரியும். குழந்தையைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால், கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போட்ட பெற்றோர் பிடிக்கட்டும்.

பட்டனை அழுத்துங்கள். பீப் சத்தம் நிற்கும்வரை விரலை எடுக்காதீர்கள். முன்னாலேயே எடுத்தால் கதிர் பாதியில் நின்று படம் கெட்டுவிடும். சத்தம் நின்றதும் கதிரும் நின்றுவிட்டது. அறையிலோ சென்சாரிலோ எதுவும் தங்காது, உடனே உள்ளே போகலாம்.

படத்தில் வேர் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டராவது எலும்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் நீங்களாகவே மறுபடி எடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பல நேரம் அவருக்கு வேண்டியது அதிலேயே இருக்கும்.

"ஆபத்தா?" என்று நோயாளி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இப்படி ஒரு படத்தில் சேர்வது சில மைக்ரோசீவெர்ட்தான் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் இயற்கையாக நமக்குக் கிடைக்கும் அளவை ஒட்டியது. நமக்கு அப்படியில்லை, நாள் முழுக்க எடுக்கிறோம். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். ஆறடி தள்ளி நிற்பவர் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டார். நம்மீது படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் கொடுத்திருந்தால் நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். நீங்கள் கர்ப்பமானால் தயங்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நோயாளிக்கு ஈய ஏப்ரன் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் பரிந்துரைத்தது. உங்கள் கிளினிக்கில் டாக்டர் சொல்வதுபோலச் செய்யுங்கள். ஏப்ரன் இருந்தால் மடிக்காமல் கொக்கியில் தொங்கவிடுங்கள், மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும். எச்சில் பட்ட உறையைக் கழற்றிப் போட்டு, சென்சாரைத் துடைத்து வையுங்கள். ஹோல்டர், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகலாம், சென்சாரை அதில் போடவே கூடாது.