மிடில் ஸ்கூல் வீட்டுப்பாடம்: நியூ ஜெர்சிக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

நியூ ஜெர்சியில் மிடில் ஸ்கூல் என்றால் பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். பாடத்துக்கு ஒரு டீச்சர். பீரியட் மாறினால் பிள்ளைகள்தான் வகுப்பறை மாறிப் போகவேண்டும். வீட்டுப்பாடம் டைரியில் எழுதி வராது. பல பள்ளிகளில் கூகுள் கிளாஸ்ரூம் என்ற ஆன்லைன் பக்கத்தில் வரும். மார்க் பார்க்கப் பெற்றோருக்குத் தனி போர்ட்டல் உண்டு, பல ஊர்களில் அது ஜெனிசிஸ். லாகினை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். செய்து முடித்தால் மட்டும் போதாது, அதில் 'டர்ன் இன்' (ஒப்படைக்கும் பட்டன்) அழுத்த வேண்டும். இல்லையென்றால் கெடு தாண்டியதும் 'மிஸ்ஸிங்' என்று சிவப்பில் விழும். இதையெல்லாம் பிள்ளைகளே சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

பழகிக்கொள்ள வேண்டியது நாம்தான். திருச்சியிலிருந்து வந்த என் நண்பரின் மகள் ஏழாம் வகுப்பு. சோஷியல் ஸ்டடீஸில் ஒரு கட்டுரை. அவள் எழுதிய ஆங்கிலம் அப்பாவுக்குத் திருப்தியாக இல்லை. பிள்ளை தூங்கியபிறகு, அவளுடைய கூகுள் டாக்கிலேயே உட்கார்ந்து பத்தி பத்தியாக மாற்றி எழுதிவிட்டார். நம் ஊரில் சயின்ஸ் எக்ஸிபிஷன் மாடலை அப்பா செய்வார், சார்ட்டில் படம் சித்தி வரைவார். பாசத்தில் செய்வது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே டீச்சர் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தார். எந்த வரி எந்த நேரத்தில் மாறியது என்பதெல்லாம் அதில் தெரியும். கட்டுரைக்குப் பூஜ்யம். 'அகாடெமிக் இன்டெக்ரிட்டி' (படிப்பில் நேர்மை) என்று தலைப்பிட்டு வீட்டுக்கு ஒரு ஈமெயில், அப்புறம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலரோடு மீட்டிங். ஒரு வரிகூடக் காப்பியடிக்காத பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்க்கவே கூசிப்போனாள். புதிதாக வந்த குடும்பம், முதல் தடவை எச்சரித்து விட்டிருக்கலாம் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் விதி பள்ளியின் ஹேண்ட்புக்கில் தெளிவாக இருந்தது, படித்ததாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அட்மிஷன் அன்று தரும் காகிதக் கட்டில் அந்தப் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்காக ஒதுங்கி இருக்கச் சொல்லவில்லை. எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "இந்த இடம் எனக்குப் புரியலையே" என்று கேளுங்கள். எதற்கு எத்தனை மார்க் என்று சொல்லும் ரூப்ரிக்கைப் பக்கத்தில் வைத்து இருவரும் சரிபாருங்கள். கீபோர்டில் மட்டும் கை வைக்காதீர்கள். முதல் டிராஃப்டில் தப்பு இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியும். அதன்மேல் கமெண்ட் எழுதித்தான் சொல்லித்தருவார். நாம் திருத்திவிட்டால் பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஈஎஸ்எல் உதவி, அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி, இலவசம். வீட்டில் என்ன மொழி என்று கேட்கும் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். அதைக் குறைவாக நினைத்து ஆங்கிலம் என்று போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கணக்கிலும் இதே கதைதான். மனக்கணக்கில் நம் பிள்ளைகள் கெட்டி, எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் விடை சரியாக இருந்தாலும் போட்ட வழியை எழுதிக் காட்டாவிட்டால் மார்க் குறையும். நம் வழியைச் சொல்லித்தருவதற்குமுன் வகுப்பில் என்ன வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? எத்தனையாவது வகுப்போ அத்தனை பத்து நிமிடம் ஒரு நாளைக்கு என்று ஒரு பொதுக்கணக்கு அமெரிக்கா முழுக்க உண்டு. ஏழாம் வகுப்புக்கு 70 நிமிடம். தினமும் அதைவிட ரொம்ப அதிகமானால் உட்கார்ந்து செய்துகொடுக்காதீர்கள், டீச்சருக்கு எழுதுங்கள். பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. இந்த வயதில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே பிரின்சிபலிடம் போகவேண்டாம். முதலில் பாட டீச்சர், அடுத்து கவுன்சலர், அதற்கப்புறம்தான் பிரின்சிபல்.