முழு உதவியோடு அமெரிக்கக் கல்லூரிக்கு வந்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வசதியைப் பார்க்காமல் இடம் தருகின்றன. தேவைப்படும் தொகை முழுவதையும் ஏற்கின்றன. இது மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசல்ல, குடும்ப வருமானத்தைக் கணக்குப் போட்டுத் தரும் உதவி. ஆகவே பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் அப்பா அம்மாவின் காகிதங்கள் பட்டம் வாங்கும்வரை உங்களைவிட்டுப் போகாது. பெரும்பாலான இடங்களில் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்பார்கள்.

முதலில் உதவிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். பெற்றோர் பங்கு 0 என்று இருந்தாலும், மாணவர் பங்கு என்று தனியாக ஒரு தொகை இருக்கலாம். அது கோடை விடுமுறையிலும் கல்லூரி வேலையிலும் நீங்கள் சம்பாதிக்க வேண்டியது. புத்தகம், துணிமணி, ஊருக்குப் போய்வரும் டிக்கெட் ஆகியவை கல்லூரி போடும் ஆண்டுச் செலவு மதிப்பீட்டில் இருக்கும், கல்லூரி பில்லில் வராது. மருத்துவக் காப்பீடு உதவிக்குள் அடங்குமா என்பதையும் பாருங்கள். குளிர்கோட்டுக்கும், விடுமுறையில் விடுதி மூடினால் தங்குவதற்கும் பல கல்லூரிகளில் தனி நிதி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். கூச்சம் வேண்டாம்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை கல்லூரிக்குள் வேலை செய்யலாம். வெளியே கடையில் ரொக்கத்துக்கு நிற்பது விசாவையே கெடுத்துவிடும். கல்லூரி வேலை கிடைத்தால் அந்தக் கடிதத்தை வைத்து சோஷியல் செக்யூரிட்டி எண் (சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய அரசு அடையாள எண்) வாங்கலாம். வந்திறங்கி 10 நாள் கழித்துப் போனால் அலைச்சல் குறையும். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் உங்கள் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் இருக்கக் கூடாது. பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது வரியில். கல்விக் கட்டணத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் வரும் உதவிக்கு வரி கிடையாது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரும் பகுதிக்கு உண்டு. அதில் 14 சதவீதத்தைக் கல்லூரி பிடித்தாக வேண்டும். பணம் உங்கள் கைக்கு வருவதில்லை என்பதால், பல இடங்களில் பில்லில் ஏற்றிவிடுவார்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர்வரை அந்தப் பகுதி 10,000 டாலர் என்றால், திடீரென்று 1,400 டாலர் பாக்கி காட்டும். அதை ஈடுகட்டத் தனியே உதவி உண்டா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் பணம் திரும்பி வர வழி இருக்கிறது. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவின்படி இந்திய மாணவர்கள், வருமானத்தில் வரியில்லாமல் விடும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைக் கழித்துக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். உதவியின் இந்தப் பகுதியும் சம்பளமும் சேர்ந்து அதற்குள் இருந்தால் மத்திய வரி இல்லை, 1,400 டாலரும் உங்களுடையதே. தானாக வராது: மார்ச் நடுவில் வரும் 1042-எஸ் படிவத்தை (உதவியையும் பிடித்த வரியையும் காட்டுவது) வைத்து, 1040-என்ஆர் (வெளிநாட்டவருக்கான வரிக் கணக்கு), 8843 (மாணவராக அங்கே இருந்த நாட்களைச் சொல்வது) இரண்டையும் ஏப்ரல் 15க்குள் போட வேண்டும். டர்போடாக்ஸ் என்ற சாதாரண வரி மென்பொருளில் 1040-என்ஆர் போட முடியாது. அறைத்தோழர் வேறு நாட்டுக்காரர் என்றால் அவர் போட்டதைப் பார்த்து எழுதாதீர்கள்; இந்தச் சலுகை அவருக்கு இருக்காது. மாநில வரி தனி.

இனி ஊர்க் காகிதங்கள். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பதால் பலரிடம் ஐடி ரிட்டர்ன் இருக்காது. அதற்குப் பதில், ரிட்டர்ன் போடவில்லை, காரணம் இது என்று பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் வருமானச் சான்றிதழும் தேவைப்படும். இங்கேதான் சிக்கல். ஊர்ப் பழக்கத்தில் ₹72,000 என்று எழுதி வாங்கிய சான்றிதழ் ஒரு பக்கம். தக்காளி மண்டிப் பணம் நாலு லட்சம் வந்துபோன பாஸ்புக் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? உண்மையான தொகைக்கே சான்றிதழ் வாங்குங்கள். வந்த பணம் வேறு, லாபம் வேறு. நாற்று, கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் கழித்து ஒரே பக்கத்தில் கணக்கு எழுதி இணையுங்கள். பட்டுக்கூடு விற்ற ரசீது, பால் சொசைட்டி அட்டை, கூட்டுறவு வங்கி நகைக்கடன் ரசீது எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை அப்பாவோ தங்கையோ போட்டோ எடுத்து அனுப்பட்டும். மார்ச்சில் மொத்தமாகத் தேடினால் பாதி கிடைக்காது. தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களே செய்யலாமா என்பதைக் கல்லூரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல கல்லூரிகள் உதவிக்குக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இணைய விண்ணப்பத்தை நிரப்பும்போது நாணயம் ரூபாய் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். டாலர் என்று இருந்தால் 1,20,000 ரூபாய்க் குடும்பம் 1,20,000 டாலர் குடும்பமாகிவிடும். நிலத்திலும் கவனம் தேவை. கூட்டுப் பட்டாவில் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா பெயர்கள் இருந்தால் முழு ஏக்கரையும் எழுதாமல், உங்கள் வீட்டுப் பங்கை மட்டும் எழுதி, விளக்கப் பெட்டியில் காரணத்தைச் சொல்லுங்கள். ஓசூர், சூளகிரிப் பக்கம் நிலமதிப்பு ஏறியிருப்பதால் இந்த ஒரு பிழையே உதவியைக் குறைக்கலாம்.

மா காய்ப்பு பொய்த்தாலோ அப்பா பெங்களூரு கட்டட வேலையிலிருந்து திரும்பிவிட்டாலோ அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம். நிதியுதவி அலுவலகத்துக்கு எழுத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். என்ன நடந்தது, எந்த மாதத்திலிருந்து, வருமானம் எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, இந்த மூன்றும் அரைப் பக்கத்தில் போதும். மண்டிச் சீட்டையோ பாஸ்புக் பக்கத்தையோ கூடவே இணையுங்கள்.